தக்காளி சோஸ், மிளகாய் சோஸ், சோயா சோஸ்: லேபலைப் படித்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ரோல்ஸ், கட்லட், டெவில், பிரைட் ரைஸ் என்று எதை வாங்கினாலும் கூடவே சோஸ் வருகிறது. வீட்டு மேசையிலும் ஒரு போத்தல் நிற்கிறது. பிள்ளைகள் புட்டுக்கும் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் போத்தலில் இருப்பது நல்லதா கெட்டதா என்று எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் எண் போட்ட இரசாயனங்களைப் (லேபலில் ஈ211, ஈ124 என்று வருபவை) பற்றியவை. அவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான போத்தல்களில் உடம்புக்குக் கூடுதலாகக் கேடு செய்வது சீனியும் உப்பும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

போத்தலைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்துத் தக்காளிப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் எழுதப்படும்: தயாரிக்கும்போது எது கூடுதலாகப் போடப்பட்டதோ அது முதலில், குறைந்தது கடைசியில். முதல் மூன்று பெயர்களே போத்தலின் பெரும்பகுதி.

மலிவான தக்காளி சோஸ் ஒன்றின் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நீர், சீனி, தக்காளிப் பேஸ்ட், வினாகிரி, மாற்றியமைக்கப்பட்ட மாப்பொருள் (ஈ1422), உப்பு, மசாலா, தடிப்பாக்கி (ஈ415), பழுதாகாமல் காக்கும் பொருள் (ஈ211), நிறமூட்டி (ஈ124). இதில் தக்காளியை விடச் சீனி கூட என்பது வரிசையிலேயே தெரிகிறது. தடிப்பு தக்காளியிலிருந்து வரவில்லை, மாவிலிருந்தும் பசையிலிருந்தும் வருகிறது. சிவப்பும் தக்காளியுடையது மட்டுமல்ல. நல்ல சோஸில் தக்காளி அல்லது தக்காளிப் பேஸ்ட் முதலாவதாகவோ, தண்ணீருக்கு அடுத்ததாகவோ நிற்கும். பட்டியலும் சின்னதாக இருக்கும்.

ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். சீனி, குளுக்கோஸ் சிரப், பிரக்டோஸ் சிரப் என்று இனிப்பு மூன்று பெயர்களில் பிரிந்து நின்றால் ஒவ்வொன்றும் வரிசையில் கீழே போய்விடும். மூன்றையும் மனதில் கூட்டிப் பாருங்கள்.

"தக்காளிப் பேஸ்ட் 20%" என்றால் தக்காளி குறைவு என்று அர்த்தமா?

இல்லை. பேஸ்ட் என்பது வற்றக் காய்ச்சிய தக்காளி. திண்மம் 28 முதல் 30 வீதம் உள்ள ஒரு கிலோ பேஸ்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 கிலோ பழம் போகும். ஆகவே 100 கிராம் சோஸில் 20 கிராம் பேஸ்ட் இருந்தால் அது 100 கிராமுக்குச் சற்று மேற்பட்ட பழத்துக்குச் சமம். 20 வீதம் நல்ல கணக்கு. 6, 7 வீதம் என்றால் அது தக்காளி வாசம் உள்ள சீனிக் கஞ்சி.

சீனியும் உப்பும் எவ்வளவு இருந்தால் கூட?

லேபலில் உள்ள போசணை அட்டவணையில் "100 கிராமுக்கு" என்ற நிரலை மட்டும் பாருங்கள். "ஒரு பரிமாறலுக்கு" என்ற நிரலில் எண்கள் சின்னதாகத் தெரியும். அந்தப் பரிமாறல் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவுதான். இரண்டு ரோல்ஸுக்கு யாரும் ஒரு கரண்டியோடு நிற்பதில்லை.

திண்ம, அரைத்திண்ம உணவுகளுக்கு இலங்கையில் 2019இல் வந்த நிறக் குறியீட்டு ஒழுங்குவிதியின் எல்லைகள் நல்ல அளவுகோல். 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 8 முதல் 22 வரை செம்மஞ்சள், 8க்குக் கீழ் பச்சை. உப்புக்கு 1.25 கிராமுக்கு மேல் சிவப்பு, 0.25 முதல் 1.25 வரை செம்மஞ்சள். கொழுப்புக்கு 17.5 கிராமுக்கு மேல் சிவப்பு. போத்தலில் நிற வட்டம் இல்லாவிட்டாலும் இந்த எண்களை வைத்து நீங்களே நிறம் போடலாம்.

சில லேபல்களில் உப்பு இருக்காது, சோடியம் மட்டும் இருக்கும். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. சோடியம் 1000 மில்லிகிராம் என்றால் உப்பு 2.5 கிராம்.

இப்போது ஒரு கணக்கு. 100 கிராமில் 25 கிராம் சீனியும் 2.5 கிராம் உப்பும் உள்ள சோஸ் என்று வையுங்கள். சாதாரணத் தக்காளி சோஸ்கள் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. மூன்று மேசைக்கரண்டி (45 கிராம்) சாப்பிட்டால் 11 கிராம் சீனி, கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி. உப்பு 1.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குக் கீழ். சேர்க்கும் சீனிக்கு, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உச்சம் 50 கிராம், நல்லது 25 கிராமுக்குள். தேத்தண்ணியில் போகும் சீனியும், கறி, சம்பல், கருவாட்டில் போகும் உப்பும் இதற்கு வெளியே. கிழக்கு மாகாணத்துச் சாப்பாட்டில் இவை ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன என்பதால்தான் சோஸின் பங்கைச் சின்னதென்று விடமுடியாது.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி சாப்பிடுபவருக்கு எந்தச் சோஸும் பெரிய விஷயமல்ல. தினமும் சாப்பிடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டும்.

ஈ எண்கள் எல்லாம் விஷமா?

எண் என்பது பெயரைச் சுருக்கி எழுதும் முறை மட்டுமே. ஈ330 சித்திரிக் அமிலம். தேசிக்காயில் இருப்பதும் அதுவே. ஈ260 அசற்றிக் அமிலம், வினாகிரியின் புளிப்பு. ஈ415 சாந்தன் பசை. தண்ணீர் பிரியாமல் பிடித்து வைக்கும், சோஸில் போடும் அளவில் கெடுதல் இல்லை. ஈ1422, ஈ1442 மாற்றியமைக்கப்பட்ட மாப்பொருள். நஞ்சல்ல, ஆனால் தக்காளி குறைவு என்பதற்கு அடையாளம். இவற்றைக் கண்டு போத்தலைத் திரும்ப வைக்கத் தேவையில்லை.

நின்று பார்க்க வேண்டியவை மூன்று வகை: காக்கும் பொருள்களில் பென்சோவேற்று (ஈ211), செயற்கை நிறங்கள், சல்பைற்றுகள் (ஈ220 முதல் ஈ228 வரை). சல்பைற்று பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். முட்டு உள்ள வீட்டில் இந்த எண்களைத் தேடிப் பாருங்கள்.

சோடியம் பென்சோவேற்று எவ்வளவு ஆபத்து?

புளிப்பான உணவில் பூஞ்சணமும் மதுவமும் வளராமல் தடுக்கும். புளிப்பில்லாத உணவில் வேலை செய்யாது என்பதால்தான் சோஸ், ஜாம், குளிர்பானம் ஆகியவற்றில் இதைக் காண்கிறோம். சோஸ் வகைகளுக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் விடும் உச்சம் கிலோவுக்கு 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் சோஸில் ஒரு மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2016இல் உறுதி செய்த நாளாந்த எல்லை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு அது 100 மில்லிகிராம். உச்ச அளவு போட்ட சோஸ் என்றால் 100 கிராம், ஆறேழு மேசைக்கரண்டி.

சோஸால் மட்டும் அந்த எல்லையைத் தொடுவது கஷ்டம். அதே நாளில் சோடாவும் கோர்டியலும் ஜாமும் சேர்ந்தால் தொட்டுவிடலாம். ஆகவே பென்சோவேற்று இருப்பதை வைத்து மட்டும் போத்தலைத் தள்ள வேண்டாம். பிள்ளையின் முழு நாளையும் பாருங்கள்.

செயற்கை நிறம் இருந்தால் வாங்கலாமா?

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள் என்பதே எங்கள் பதில். பிரித்தானியாவின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2007இல் சில நிறங்களும் பென்சோவேற்றும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் துடிதுடிப்பு கூடியதைக் காட்டியது. அந்த ஆய்வுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஆறு நிறங்களுக்கு 2010 முதல் லேபல் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது: ஈ102, ஈ104, ஈ110, ஈ122, ஈ124, ஈ129. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல பழம் போட்ட சோஸுக்கு நிறமே தேவையில்லை. நிறம் போட்டிருக்கிறார்கள் என்றால் பழம் போதாது என்று பொருள். எங்களுக்கு அந்தக் காரணமே போதும்.

மிளகாய்ச் சாறு நிறம் (ஈ160சி), பீற்றூட் நிறம் (ஈ162) ஆகியவை இந்த ஆறில் சேராது.

அஜினோமோட்டோ (ஈ621) போட்ட சோஸ் கூடாதா?

தக்காளியிலேயே குளுட்டமேற்று இயற்கையாக இருக்கிறது. அதன் ருசிக்கு அதுவும் ஒரு காரணம். சேர்க்கும் ஈ621இல் ஏறக்குறைய 12 வீதம் சோடியம், சாப்பாட்டு உப்பில் 39 வீதம். கொஞ்சம் சாப்பிட்டதும் தலையிடி வருகிறது என்று உணர்பவர்கள் தவிர்க்கலாம். மற்றவர்கள் பயப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது சோடியம் மொத்தமாக எவ்வளவு என்பதைத்தான்.

உண்மையான தக்காளியா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது, ஆனால் மூன்று சோதனைகள் உதவும்.

முதலாவது தட்டுச் சோதனை. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு தேக்கரண்டி சோஸை வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் கசிந்தால் திண்மம் குறைவு. நன்றாக வற்றிய தக்காளியானால் குவியல் அப்படியே நிற்கும், மேற்பரப்பில் சற்று மணல்போலத் தும்பு தெரியும். கண்ணாடிபோல வழுவழுப்பாக, கரண்டியோடு இழுபட்டு வந்தால் பெரும்பாலும் மாவும் பசையும்.

இரண்டாவது நிறச் சோதனை. ஒரு தேக்கரண்டி சோஸைக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் கலக்கி அரை மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். தக்காளியின் சிவப்பு (லைக்கோப்பீன்) தண்ணீரில் கரையாது. சதையோடு சேர்ந்து அடியில் இறங்கும், மேலே நிற்கும் தண்ணீர் வெளிறிய மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். மேல் தண்ணீரும் பளிச்சென்று சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ நின்றால் தண்ணீரில் கரையும் நிறம் போடப்பட்டிருக்க இடமுண்டு. லேபலில் நிறமூட்டி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது மாச் சோதனை. காயத்துக்குப் பூச மருந்துக்கடையில் வாங்கும் பொவிடோன் அயடீனில் சில துளிகளைத் தண்ணீர் கலந்த சோஸில் விடுங்கள். மாப்பொருள் இருந்தால் கருநீலம். தக்காளியின் விற்றமின் சீ முதல் துளிகளின் நிறத்தைத் தின்றுவிடும்; அதனால் நாலைந்து துளி விட்ட பிறகே முடிவு சொல்லுங்கள். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், சாப்பிடக் கூடாது. லேபலில் மாப்பொருள் எழுதியிருந்தால் இந்தச் சோதனையால் புதிதாக ஒன்றும் தெரியாது. எழுதாமல் கருநீலம் வந்தால் பூசணி போன்ற வேறு மாச்சதை கலந்திருக்கலாம். அது முறைப்பாடு செய்யவேண்டிய விஷயம்.

எஸ்.எல்.எஸ். முத்திரை இருந்தால் ஆரோக்கியமானதா?

அந்தப் பொருளுக்கான இலங்கைத் தரத்தின்படி தயாரிக்கப்பட்டது என்பதை அது காட்டும். கலப்படப் பயம் குறையும். சீனி குறைவு, உப்பு குறைவு என்று அது சொல்லவில்லை.

"காக்கும் பொருள் இல்லை", "சீனி சேர்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறதே?

காக்கும் பொருள் போடாமல் சோஸ் செய்யலாம். வினாகிரி, சீனி, உப்பு, சூடாகப் போத்தலில் அடைப்பது ஆகியவையே காக்கும். அப்படிப்பட்டதைத் திறந்தபின் பிரிட்ஜில் வைக்காமல் எங்கள் வெக்கையில் அலுமாரியில் வைத்தால் ஒரு வாரத்திலேயே பூஞ்சணம் பிடிக்கலாம். சீனி சேர்க்காததில் ஈ955 (சுக்ரலோஸ்), ஈ950, ஈ960 போன்ற இனிப்பூட்டிகள் இருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு அது பயன்படும். சின்னப் பிள்ளைகளை அந்த இனிப்புக்குப் பழக்க வேண்டாம்.

சோயா சோஸில் எதைப் பார்க்க வேண்டும்?

உப்பை. சாதாரண சோயா சோஸில் 100 மில்லிலீற்றருக்கு 14 முதல் 18 கிராம் உப்பு இருக்கும். ஒரு மேசைக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல், ஒரு நாள் அளவில் ஏறக்குறைய பாதி. வீட்டில் பிரைட் ரைஸ் செய்யும்போது சோற்றை வடிக்கையில் உப்பு, கோழிக்கு உப்பு, பிறகு சோயா, பிறகு மிளகாய் சோஸ் என்று நாலு இடத்தில் உப்பு ஏறுகிறது. சோற்றுக்கும் கோழிக்கும் உப்புப் போடாமல், சோயாவை முதலில் ஊற்றி, கடைசியில் ருசி பார்த்துத் தேவையானால் மட்டும் போடுங்கள்.

அடுத்தது தயாரிப்பு முறை. இயற்கையாகப் புளிக்க வைத்ததில் பட்டியல் சின்னது: தண்ணீர், சோயா அவரை, கோதுமை, உப்பு. மலிவானவற்றில் "நீர்ப்பகுப்புச் செய்த தாவரப் புரதம்" என்று இருக்கும். அமிலத்தால் புரதத்தை உடைத்து அவசரமாகச் செய்தது. அந்த முறையில் 3-எம்.சி.பி.டி. என்ற பொருள் உருவாகக்கூடும். அது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் 2பி பட்டியலில் (புற்றுநோய் உண்டாக்க இடமுள்ளவை) இருப்பதால் கோடெக்ஸ் தரம் இவ்வகைத் திரவங்களுக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. விலை வித்தியாசம் கையைக் கடித்தாலும் புளிக்க வைத்ததை வாங்கிக் கொஞ்சமாகப் பாவிப்பது நல்லது. கோதுமை ஒவ்வாதவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

மிளகாய் சோஸ், மயோனீஸ்?

மிளகாய் சோஸில் உறைப்பு முன்னுக்கு நிற்பதால் சீனி நாக்குக்குத் தெரியாது. "இனிப்பு மிளகாய் சோஸ்" என்று விற்பதில் 100 கிராமில் 40 கிராமுக்கு மேல் சீனி இருப்பதும் உண்டு. மயோனீஸில் பிரச்சினை எண்ணெய். வழமையான வகையில் 70 வீதத்துக்கு மேல். சவர்மாவோடு வரும் வெள்ளைச் சோஸை முட்டையில் கடையிலேயே அடித்திருந்தால் வெயிலில் நின்றதைத் தொடாதீர்கள்.

ஹலால், சைவம் பார்ப்பவர்கள் எந்தச் சேர்மானங்களைத் தேட வேண்டும்?

ஈ120 (கார்மைன்) பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். வூஸ்டர் சோஸில் பொதுவாக நெத்தலி வகை மீன் உண்டு. ஒயிஸ்டர் சோஸில் சிப்பிச் சாறு. புளிக்க வைத்த சோயா சோஸில் புளிப்பிலேயே உண்டாகும் மதுசாரம் சிறிதளவு இருக்கும். இது குறித்துத் தெளிவு வேண்டியவர்கள் ஹலால் சான்றைப் பார்த்து வாங்கலாம். ஹலால் சான்றும் சைவப் புள்ளியும் சீனி, உப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வருத்தம் உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள்?

பிறஷர் உள்ளவர் சோயா சோஸை விட்டுவிடுவதே சுகம். சீனி வருத்தத்துக்கு ஒரு தேக்கரண்டி தக்காளி சோஸ் பரவாயில்லை, கரண்டிகளாகக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் தனியாகக் கவனிக்க வேண்டும்: தக்காளி வற்றும்போது பொற்றாசியமும் செறிகிறது. "உப்புக் குறைத்த" சோஸில் ஈ508 (பொற்றாசியம் குளோரைட்டு) இருக்கலாம். பொற்றாசியம் குறைக்கச் சொன்ன நோயாளிக்கு அது சாதாரண உப்பை விட ஆபத்து. கேஸ்ரிக் உள்ளவர்களுக்குப் புளிப்பு நெஞ்செரிவைக் கூட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சோஸ் வேண்டாம்.

சாப்பாட்டுக் கடை மேசையில் இருக்கும் சோஸ்?

இங்கே லேபலே கிடையாது. பெரிய கானிலிருந்து பிழிபோத்தலில் ஊற்றும்போது தண்ணீர் கலந்து நீட்டினால் புளிப்பும் காக்கும் பொருளும் சேர்ந்தே நீர்த்துப்போகும். அதற்குப் பிறகு கிருமி வளர வழி திறக்கிறது. கழுவாமல் பழையதன் மேல் புதியதை நிரப்புவதும் அதே கேடு. போத்தல் மூக்கில் காய்ந்த கறுப்புத் தடிப்பு, புளித்த கள் மணம், பிழியும்போது காற்றுக் குமிழி இருந்தால் ஊற்றாதீர்கள். ஒட்டிய சின்னப் பக்கெட் கேட்டு வாங்குங்கள்.

போத்தல் கழுத்தில் கறுப்பு வளையம், ஊதிய மூடி. எதை எறிய வேண்டும்?

கழுத்தைச் சுற்றிய வழவழப்பான கருங்கபில வளையம் பெரும்பாலும் காற்றுப் பட்டு நிறம் மாறியது. மூடியின் இரும்பும் மசாலாவின் தனின் பொருளும் சேர்ந்து கறுப்பதும் உண்டு. துடைத்துவிடலாம். பஞ்சுபோல வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் பூஞ்சணம். மேலே வழித்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கக் கூடாது, முழுப் போத்தலும் போக வேண்டும். மூடி ஊதியிருந்தால், திறக்கும்போது சீறினால், உள்ளே மதுவம் நொதிக்கிறது, எறியுங்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நிற்பது பழுதல்ல, குலுக்கினால் சேரும்.

வாங்கும்போது வெயில் படும் தட்டில் நின்ற போத்தலைத் தவிர்த்து உள்ளே உள்ளதை எடுங்கள். திறந்தபின் பிரிட்ஜில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள்; லேபலில் அதற்குக் குறைவாகச் சொன்னால் அதன்படி.

வீட்டில் செய்தால் உண்மையில் நல்லதா?

தக்காளி விலை விழும் காலத்தில் களுதாவளைப் பக்கத்துப் பழம் கிடைத்தால் செய்து பாருங்கள். 2 கிலோ நன்கு பழுத்த தக்காளி, 100 கிராம் வெங்காயம், 5 பல் உள்ளி, துணியில் கட்டிய ஒரு துண்டு கறுவா, 4 கராம்பு, 2 செத்தல். எல்லாவற்றையும் மூடி 25 நிமிடம் அவித்து, துணிப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, மசித்து வடியுங்கள். அகன்ற பாத்திரத்தில் மூன்றிலொரு பங்காக வற்றும்வரை, முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம், கிண்டியபடி காய்ச்சுங்கள். அதன்பின் மட்டும் சீனி 40 கிராம் (மூன்று மட்டமான மேசைக்கரண்டி), உப்பு 6 கிராம் (ஒரு மட்டமான தேக்கரண்டி), வினாகிரி 120 மில்லிலீற்றர் சேர்த்து இன்னும் 10 நிமிடம். சீனியை முந்திப் போட்டால் அடிப்பிடிக்கும். வினாகிரியை முந்தி விட்டால் புளிப்பு ஆவியாகிப் போய் சோஸ் சீக்கிரம் கெடும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

10 நிமிடம் கொதிநீரில் கிடந்த கண்ணாடிப் போத்தலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். ஏறக்குறைய 600 கிராம் வரும். 100 கிராமில் சீனி 15 கிராம் அளவு, அதில் பாதிக்கு மேல் தக்காளியின் சொந்தச் சீனி. உப்பு 1 கிராம். இரண்டும் செம்மஞ்சள். கடைச் சோஸின் தடிப்பு வராது. சீனியும் உப்பும் குறைவு என்பதால் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், மூன்று நாலு கிழமைக்குள் முடிக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இந்த அளவில் செய்யாதீர்கள்.

லேபலில் சந்தேகம் என்றால் யாரிடம் சொல்வது?

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருப்பார். அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்கள் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவில் வரும். விலை, காலாவதி, ஏமாற்றும் விளம்பரம் பற்றியதானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பற்றுச்சீட்டை எறியாதீர்கள். தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்ரிக்கர் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் திறந்த போத்தலை வைத்து மட்டும் வழக்கு நிற்பது கஷ்டம். அதே தொகுதியின் திறக்காத போத்தலைப் பி.எச்.ஐ. கடையிலிருந்து மாதிரியாக எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சரக்கு விற்றுத் தீர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.